ரிலையன்ஸா, ஸ்கோலா, செவனிங்கா? சொந்தமா தொழில் பண்ண நினைக்கிறவங்க எதுக்கு அப்ளை பண்ணலாம்

வெளிநாட்டுல எம்பிஏ முடிச்சிட்டு திரும்பி வந்து இங்கயே கம்பெனி ஆரம்பிக்கணும்னு இருக்கறவங்க ஃபெலோஷிப் தேட ஆரம்பிச்சா முதல்ல பாக்குறது எவ்ளோ காசு தருவாங்கன்னுதான். என்னைக் கேட்டா அதைக் கொஞ்சம் தள்ளி வைங்க. அட்மிஷனுக்கு முன்னாடி எடுக்குறாங்களா பின்னாடியா, படிச்சு முடிச்சப்புறம் என்ன கண்டிஷன், நீங்க அங்க இருக்கும்போது இங்க உங்க தொழிலை யாரு பாத்துப்பாங்க, இந்த மூணுக்கும் பதில் கெடச்சா எது உங்களுதுன்னு பாதி தெளிவாயிடும்.

ஸ்டான்ஃபோர்டோட ரிலையன்ஸ் திருபாய் ஃபெலோஷிப்பை எடுத்துக்கோங்க. இந்தியாவுல வசிக்கிற இந்தியக் குடிமக்களுக்கு மட்டும்தான், பணத் தேவை இருக்கறதையும் காட்டணும், வருஷத்துக்கு அதிகபட்சம் 5 பேர். ரெண்டு வருஷ டியூஷன்ல, அதாவது காலேஜ் படிப்புக் கட்டணத்துல, சுமார் 80 சதவீதம் கெடைக்கும். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அப்ளை பண்ற வரிசை. எம்பிஏவுக்கு முன்னாடியே ஃபெலோஷிப்புக்குன்னு தனியா அப்ளை பண்ணணும், அதுல 50 பேர் வரைக்கும் ஃபைனலிஸ்ட்டா எடுத்து அப்புறம்தான் எம்பிஏவுக்கு அப்ளை பண்ணச் சொல்லுவாங்க. ஸ்டான்ஃபோர்டெல்லாம் நமக்கு எங்கன்னு சும்மா இருக்கற ஒரு சின்ன ஊர் பொண்ணுக்கோ பையனுக்கோ இது எவ்ளோ பெரிய தைரியம்னு யோசிச்சுப் பாருங்க. ஆனா முதல் கட்டம் கோடையிலயே முடிஞ்சிடும், செப்டம்பர்ல எம்பிஏ அப்ளிகேஷனோட முதல் சுற்று (ரவுண்ட் ஒன்) வரும்போது பாத்துக்கலாம்னு இருந்தா கதவு ஏற்கெனவே சாத்தியிருக்கும்.

கணக்கையும் போட்டுடுவோம். அங்க ஒரு வருஷ டியூஷனே 80,000 டாலருக்கு மேல, அதுல மிச்ச 20 சதவீதம்னா வருஷத்துக்கு 16,000 டாலருக்கு மேல நீங்க கட்டணும், இதுக்கு மேல வாடகை, சாப்பாடு, இன்ஷூரன்ஸ் எல்லாம் தனி, அதுவும் அந்த ஏரியா வாடகை சாதாரணம் இல்ல. படிப்பு முடிஞ்சு ரெண்டு வருஷத்துக்குள்ள இந்தியாவுக்கு வந்து குறைஞ்சது ரெண்டு வருஷம் வேலை செய்யணும்னு கண்டிஷன் இருக்கு, நிறைய பேர் இதைப் பாத்துதான் பயப்படுறாங்க. இங்க தொழில் பண்றதுதான் உங்க திட்டம்னா இதுல பயப்பட என்ன இருக்கு? ஒரு அஞ்சு வருஷம் அமெரிக்காவுல சம்பாதிச்சு கடனை அடைச்சிட்டு வரலாம்னு மனசுக்குள்ள கணக்கு வச்சிருந்தா மட்டும் இது வேணாம். அவங்க அதே ஸ்டான்ஃபோர்டோட நைட் ஹென்னஸி ஸ்காலர்ஷிப் பக்கம் போகலாம், 3 வருஷம் வரைக்கும் முழுச் செலவும் வரும், திரும்பி வரணும்கற கட்டாயம் இல்ல, ஆனா எல்லா மேற்படிப்பும் எல்லா நாடும் சேந்து வருஷத்துக்கு 100 பேர் வரைக்கும்தான்.

ஏற்கெனவே தொழில் நடத்திட்டு இருக்கறவங்களுக்கு, அதுவும் அந்தத் தொழிலே ஒரு சமூகப் பிரச்சினையைத் தீக்கறதுக்காகன்னா, நான் யோசிக்காம சொல்றது ஆக்ஸ்ஃபோர்டு சயித் பிசினஸ் ஸ்கூலோட ஸ்கோல் ஸ்காலர்ஷிப்தான். டியூஷன் முழுசா வரும், தங்குற செலவுலயும் ஒரு பகுதி வரும், வருஷத்துக்கு விரல் விட்டு எண்ணுற அளவு ஆளுங்களைத்தான் எடுப்பாங்க. ஐடியா மட்டும் வச்சிருக்கறவங்களுக்கு இங்க இடம் கெடைக்கறது கஷ்டம், சில வருஷம் களத்துல நின்னு என்ன மாறுச்சுன்னு காட்டத் தெரியணும். எனக்கு இதுல பணத்தை விட முக்கியமாப் படறது ஆக்ஸ்ஃபோர்டு எம்பிஏ ஒரே வருஷம்கறது. பத்துப் பதினஞ்சு பேருக்குச் சம்பளம் கொடுக்கற ஒரு சின்ன யூனிட்டை பார்ட்னர்கிட்ட ஒரு வருஷம் ஒப்படைச்சிட்டுப் போகலாம், ரெண்டு வருஷம் விட்டா வாடிக்கையாளர் வேற இடம் பாத்துப் போயிடுவாங்க, பேங்க்ல ஓவர்டிராஃப்ட் (ஓடி) கடன் வரம்பைப் புதுப்பிக்கக்கூட நீங்க கையெழுத்துப் போட வேண்டி வரும்.

செவனிங் பத்தி நிறைய பேர் தப்பா நெனச்சிட்டு இருக்காங்க. பிரிட்டிஷ் அரசாங்கத்தோட ஸ்காலர்ஷிப், டியூஷன், மாசச் செலவு, ஃப்ளைட் எல்லாம் தராங்க, சரி. ஆனா எம்பிஏன்னு வந்தா டியூஷனுக்கு 22,000 பவுண்டுதான் உச்சவரம்பு. ஆக்ஸ்ஃபோர்டு மாதிரி இடத்துல எம்பிஏ ஃபீஸ் 80,000 பவுண்டு பக்கம் வருது, மிச்சத்தை யாரு கட்டறது? அதனால செவனிங்ல போறவங்க எம்பிஏவை விட்டுட்டு எம்எஸ்சி என்ட்ரப்ரனர்ஷிப் மாதிரி ஒரு வருஷக் கோர்ஸ் எடுக்கறதுதான் புத்திசாலித்தனம்னு நான் நினைக்கிறேன். எம்பிஏங்கற பேரு உங்களுக்கு வேலை தேடத் தேவைப்படலாம், கம்பெனி ஆரம்பிக்க அவ்ளோ தேவை இல்ல. 2,800 மணிநேர வேலை அனுபவம் கேக்குறாங்க, பார்ட் டைம், சம்பளம் இல்லாத தன்னார்வ வேலைகூட அதுல சேரும். இதுலயும் முடிச்சிட்டு ரெண்டு வருஷம் சொந்த நாட்டுல இருக்கணும்.

எம்ஐடியில இருக்கறது வேற மாதிரி. பங்களாதேஷ் மொபைல் கம்பெனி கிராமீன்ஃபோனை ஆரம்பிச்ச இக்பால் காதிர் 2007ல தொடங்கின லெகாட்டம் சென்டர், இப்போ குவோ ஷார்ப்பர் சென்டர்னு பேரு. வளரும் நாடுகள்ல தொழில் தொடங்கப் போற எம்ஐடி மாணவர்களுக்கான ஃபெலோஷிப் இது, அதாவது முதல்ல எம்ஐடிக்குள்ள போகணும், அதுக்கப்புறம்தான் இது. இதை நம்பி அட்மிஷன் ஃபீஸ் கணக்குப் போடாதீங்க.

இன்லாக்ஸ் ஸ்காலர்ஷிப்பைப் பாத்து ஆசைப்படறவங்களுக்கு ஒரு வார்த்தை, பிசினஸ் படிப்புக்கு அது கெடையாது. கையில இருந்து போடற மிச்சத்துக்கு 1892ல இருந்து நடக்குற ஜே.என். டாடா என்டோவ்மென்ட் இருக்கு, கடனாத்தான் தருவாங்க. கே.சி. மஹிந்திரா டிரஸ்ட்ல வட்டி இல்லாத கடன், அதைத்தான் நான் முதல்ல பாக்கச் சொல்லுவேன்.

இன்னும் வேலையில இருந்துட்டு ஐடியாவோட மட்டும் இருக்கறவங்க ரிலையன்ஸுக்கும் செவனிங்குக்கும் ஒரே வருஷத்துல ட்ரை பண்ணலாம், நாள் இடிக்காது, ஏன்னா செவனிங் வழக்கமா ஆகஸ்ட்லதான் திறக்கும். ரிலையன்ஸுக்காக உக்காந்து எழுதினதுல, இந்தியாவுல என்ன பண்ணப் போறீங்கங்கற பகுதி செவனிங்கோட கேரியர் பிளான் கட்டுரைக்கு நல்ல அடித்தளமா இருக்கும், லீடர்ஷிப் கட்டுரையை மட்டும் புதுசா எழுதுங்க, அங்க அவங்களுக்கு நடந்த சம்பவம் வேணும், கனவு வேணாம்.