கிளி செதுக்க ஆஷ் மரமா, வெட்பாலையா?

மகள் வீட்டுத் தொட்டிலுக்குத் தொங்கவிட ஒரு ஜோடிக் கிளி செதுக்க வேண்டியிருந்தது. பெங்களூரில் மைசூர் சாலைப் பக்கம் மரக்கடைகளில் விசாரித்தபோது, அமெரிக்காவிலிருந்து வரும் ஆஷ் பலகையைக் காட்டினார்கள். அதே சாலையில் 60 கிலோமீட்டர் போனால் சென்னபட்டணா. பொம்மை கடைபவர்கள் பயன்படுத்தும் வெட்பாலைக் கட்டைகளை அங்கே வாங்கினேன். கன்னடத்தில் ஆலே மர என்பார்கள். நம் ஊரில் இலையைத் தேங்காயெண்ணெயில் ஊறவைத்துத் தோல் நோய்க்குத் தைலம் எடுப்பார்களே, அதே மரம்தான். இரண்டிலும் ஒரே கிளியை ஒரே அளவில் செதுக்கினேன். தொட்டிலுக்குப் போனவை வெட்பாலைக் கிளிகள்.

நிறத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, இரண்டுமே வெளிர் மரங்கள். ஆஷ் இறக்குமதிச் சரக்கு, அதற்கேற்ற விலை. அகலமான, நன்றாக உலர்த்திய பலகையாக வரும். வெட்பாலை சிறிய மரம் என்பதால் ஒல்லியான கட்டைகளே கிடைக்கும்.

எனக்கு முடிவைச் சொன்னது ஆண்டு வளையம். ஆஷ் குளிர்நாட்டு மரம். வசந்தத்தில் அது போடும் அடுக்கில் வெறும் கண்ணுக்கே தெரியும் துளைகள் இருக்கும். அதை ஒட்டிக் கோடையில் வரும் அடுக்கு நெருக்கமானது, கெட்டியானது. மெத்தென்று ஒன்று, கடினமாக ஒன்று என்று பலகை முழுவதும் மாறி மாறி ஓடுகிறது.

கிளியின் கண் மிளகளவுதான். அதைச் சுற்றி நகவுளியால் ஒரு வட்டம் இழுக்க வேண்டும். கெட்டி அடுக்கில் உளி நகர மறுத்தது. கொஞ்சம் அழுத்தினேன். அது அடுத்த அடுக்குக்குள் இறங்கியதும் பிடிமானம் இல்லாமல் சறுக்கி, இமையைப் பெயர்த்துக்கொண்டு போனது. உளியைச் சாணைக்கல்லில் தீட்டிவிட்டு மறுபக்கக் கண்ணில் முயன்றேன். அங்கேயும் விளிம்பு நொறுங்கியது. உளி கூராக இருந்தால் சேதம் குறைகிறது, முழுவதும் நிற்பதில்லை. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை சாணைக்கல்லுக்கு எழுந்து போனது தனிக் கதை.

வெட்பாலையில் அந்த ஏற்ற இறக்கமே கிடையாது. துளைகள் மிக நுண்மையானவை, எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பரவியிருப்பவை. ரேகைக்குக் குறுக்கே போனாலும் உளி ஒரே ஆழத்தில் போகிறது. மரம் பாக்குச் சீவல் போல மெல்லிசாகச் சுருண்டு வருகிறது. கண், அலகின் வளைவு, இறகின் வரி என எல்லாம் நினைத்த இடத்தில் நின்றன. பச்சை வண்ணம் பூசியபோதும் வித்தியாசம் தெரிந்தது. ஆஷில் வண்ணம் துளைகளுக்குள் இறங்கி, கிளியின் மார்பில் கோடு கோடாகத் தெரிந்தது. துளைகளை அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகே சமமானது.

இதற்காக ஆஷைத் தள்ளிவிடச் சொல்லமாட்டேன். அல்சூரில் எனக்குத் தெரிந்த ஆசாரி ஒருவர் அந்தப் பலகையில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, இது கைப்பிடிக்குப் பிறந்த மரம் என்றார். அது உண்மை. நேராக ஓடும் நீண்ட நார் அடியைத் தாங்கும். கிரிக்கெட் ஸ்டம்புகள் பெரும்பாலும் ஆஷில்தான் செய்கிறார்கள். ஆவியில் வைத்தால் நன்றாக வளையும். அகலமான கிண்ணம் குடைந்தால் அந்த வளையங்களே அழகாகத் தெரியும். நான் ஆஷில் செய்தவை இரண்டு கிளிகளும் ஒரு கிண்ணமும்தான், அதுவும் உலர்ந்த பலகையில். வெட்டிய ஈரத்தோடு வேலை செய்கிறவர்களுக்கு உளி இன்னும் எளிதாக இறங்கும். அந்த ஈர மரம் நம் கைக்கு வருவதில்லை. 2002ஆம் ஆண்டு மிச்சிகனில் கண்டறியப்பட்ட மரகதப் பச்சை வண்டு அமெரிக்காவில் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களை அழித்திருக்கிறது என்பதையும் வாங்கும் முன் நினைத்துக்கொள்ளுங்கள்.

வெட்பாலைக்கும் ஒரு குறை உண்டு. ஈரக் கட்டையை மழைக்காலத்தில் அடுக்கி வைத்தேன். ஒரே மாதத்தில் வெள்ளை மரத்தில் கருநீலப் பூஞ்சை ஓடிவிட்டது, உப்புத்தாளுக்கும் அது போகவில்லை. இப்போது இரண்டு முனைகளிலும் மெழுகு தடவி, காற்றோடும் நிழலில் இடைவெளி விட்டு இரண்டு மூன்று மாதம் வைக்கிறேன். முனைகளும் வெடிப்பதில்லை. வாங்கும்போது பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். பால் பிசுபிசுத்தால் அந்தக் கட்டையை மழை முடியும்வரை வாங்காமல் இருப்பது நல்லது.