திருகாணியைக் கழற்றும் முன் தொகையைச் சொல்லும் கடை

கோயம்புத்தூரில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. 1955-இல் பி. சபாபதி மின்சாரத்தில் இயங்கும் வெட் கிரைண்டரை உருவாக்கிய ஊர் இது. கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. தெருவுக்குத் தெரு இருக்கும் அத்தகைய கடைகளுள், சிங்காநல்லூர்ப் பக்கம் நான்கு பேர் சேர்ந்து நின்றால் இடம் போதாத ஒரு சிறு கடைக்குக் கடந்த ஓராண்டில் மூன்று முறை சென்று வந்தேன். அங்கே எழுதி மாட்டியிருக்கும் வாசகங்களைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

கடைவாசலில் பெரிய எழுத்தில் இப்படி இருக்கிறது: "ஓடாத மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறீர்களா? அடியில் இருக்கும் சிவப்புப் பட்டனை ஒருமுறை அழுத்திப் பார்த்தீர்களா? அழுத்தியதும் ஓடினால் எங்களுக்கு வேலை மிச்சம், உங்களுக்குப் பணம் மிச்சம்." கெட்டியான மாவையோ தேங்காயையோ ஜார் நிறையப் போட்டு அரைக்கும்போது மோட்டாருக்குச் சுமை அதிகமானால், அது எரிந்துவிடாமல் இருப்பதற்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புப் பட்டன் அது. சற்று நேரம் ஆறவிட்டு அதை அழுத்தினால் பல மிக்ஸிகள் மறுபடியும் ஓடத் தொடங்கிவிடும். தனக்கு வரக்கூடிய வருமானத்தைத் தானே தடுக்கும் ஒரு செய்தியை வாசலிலேயே எழுதி வைத்திருப்பவரிடம் பொருளை நம்பிக் கொடுக்கலாம் என்று அப்போதே தோன்றியது.

என் மிக்ஸிக்கு அந்தப் பட்டன் உதவவில்லை. அதற்கு முன் வேறோர் இடத்தில் கொடுத்திருந்தேன். "நாளைக்கு வாங்க" என்று மூன்று வாரம் அலையவிட்ட பிறகு, மோட்டாரையே மாற்ற வேண்டும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். இந்தக் கடைக்காரர் பத்து நிமிடத்தில், மோட்டாரின் சுழலும் பகுதியைத் தொட்டுக்கொண்டு அதற்கு மின்சாரத்தைக் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷைக் கழற்றி, புதியது ஒன்றையும் எடுத்து, இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். புதியது விரல் நுனி அளவுக்கு நீளமாக இருந்தது. பழையது தேய்ந்து துவரம்பருப்பு அளவுக்குச் சிறுத்திருந்தது. "இவ்வளவு தேஞ்சா ஸ்பிரிங் எவ்வளவு தள்ளுனாலும் எட்டாதுங்க அக்கா" என்றார். மோட்டாருக்குள் மின்சாரம் ஏன் போகவில்லை என்பது எனக்கு அந்த ஒரு வரியில் விளங்கிவிட்டது. கூலியும் பொருளும் சேர்த்து 180 ரூபாய். கழற்றிய பழைய பிரஷ்ஷை ஒரு சிறிய கவரில் போட்டு என் கையிலேயே கொடுத்தார்.

கூலிப் பட்டியலுக்கு மேலே, "திருகாணியைக் கழற்றும் முன் தொகையைச் சொல்லிவிடுவோம், கழற்றிய பிறகு ‘பெரிய வேலைங்க’ என்று தலையைச் சொறிய மாட்டோம்" என்று எழுதியிருக்கிறது. பழுது பார்க்கக் கொடுத்து ஏமாந்த எவரும் இதைப் படித்ததும் சிரிப்பார்கள். சிரித்த கையோடு, இந்தக் கடையின் விதி என்ன என்பதையும் தெரிந்துகொள்வார்கள். நம் ஊர்க் கடைகளில் காலங்காலமாகத் தொங்கும் "இன்று ரொக்கம், நாளை கடன்" என்ற பலகையும் இப்படித்தான் வேலை செய்கிறது. கடன் கிடையாது என்பதை மனம் நோகாமலும், அதே சமயம் ஐயத்துக்கு இடமில்லாமலும் அது சொல்லிவிடுகிறது.

இவருடைய நகைச்சுவையில் நான் மிகவும் மதிப்பது ஒன்று உண்டு. மிக்ஸி என்றதும் மாமியார், மருமகள், பூரிக்கட்டை என்று போய்விடும் விளம்பரங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருக்கிறேன். இங்கே பெண்களையோ, விவரம் தெரியாமல் வந்து நிற்கும் வாடிக்கையாளரையோ கேலி செய்யும் ஒரு வரிகூட இல்லை. கேலியெல்லாம் இயந்திரத்தைப் பற்றியும் கடையைப் பற்றியும்தான். ரசீதும் மருத்துவர் சீட்டைப் போலவே இருக்கிறது: நோயாளி, வயது, நோய், சிகிச்சை, வீடு திரும்பும் நாள், மணி. அண்ணியின் பதினான்கு வயது மிக்ஸியில் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் கம்பிச்சுருள் பகுதி) கருகிப் போயிருந்தபோது, "இதுக்கு மேல இதுல காசு போடாதீங்க, புதுசு வாங்குற விலையில பாதி இதுக்கே ஆயிரும்" என்று நேராகச் சொன்னவர், சீட்டில் "நோயாளி முதுமையால் காலமானார், பரிசோதனைக் கட்டணம் 50 ரூபாய்" என்று எழுதிக் கொடுத்தார். வருத்தத்தோடு நின்ற அண்ணி அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

குறையும் உண்டு. "முப்பது நாளுக்கு மேல் யாரும் எடுக்க வராத மிக்ஸிகளுக்கு நாங்களே கல்யாணம் செய்து வைத்துவிடுவோம்" என்று ஒரு பலகை இருக்கிறது. அப்படியானால் பொருளை விற்றுவிடுவார்களா, வைத்திருப்பதற்குக் கட்டணம் கேட்பார்களா என்பது அதில் தெளிவாக இல்லை. வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்கு இது முக்கியமான செய்தி என்பதால், சிரிப்புக்குக் கீழே விதியையும் ஒரு வரியில் எழுதிவிட வேண்டும். தொலைபேசியை எடுப்பதும் அரிது. ஆனால் சீட்டில் எழுதிய நாளும் மணியும் எனக்கு மூன்று முறையும் தவறவில்லை.

செல்பவர்கள் ஜாரையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள். சத்தம் மோட்டாரிலிருந்து வருகிறதா, ஜாரின் அடியில் பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ்ஷிலிருந்து வருகிறதா என்பதை இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் அவர் தொகையைச் சொல்வார்.