பாதி விலைக்குப் போட்டிருக்கான், வாங்கலாமா?

"மச்சான், நீ வச்சிருக்கிற பெயின்டிங் சாஃப்ட்வேரை இப்ப பாதி விலைக்குப் போட்டிருக்கான், வாங்கலாமா?" என்று நண்பன் கேட்டான். வாய்ஸ் நோட்டில் பதில் சொல்ல ஆரம்பித்தேன். எட்டு நிமிஷம் ஓடியும் ஒரே விஷயத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அதை அழித்துவிட்டு இங்கே எழுதுகிறேன். சாஃப்ட்வேரின் பெயர் போடவில்லை, கேட்டவனுக்குத் தெரியும்.

பிரஷ், லேயர் பற்றியெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்லவந்தது சேனல் சமாச்சாரம், அதாவது ஒரு படத்துக்குள் இருக்கிற சிவப்பு, பச்சை, நீலம், ஆல்ஃபா (ஒரு இடம் எவ்வளவு தெரியும் என்ற அளவு) என்ற நாலு அடுக்குகள். கேம் ஆர்ட்காரனுக்கு ஒரு டெக்ஸ்சர் (3டி பொருள் மேல் போர்த்துகிற படம்) என்பது பல நேரம் படமே இல்லை, நாலு கருப்பு வெள்ளைப் படங்களைச் சுருட்டி வைத்த பொட்டலம். யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் ஹெச்டிஆர்பி என்ற ரெண்டரிங் முறைக்கு மாஸ்க் மேப் என்று ஒரு பொட்டலம் உண்டு: சிவப்பில் மெட்டாலிக் (உலோகத்தன்மை), பச்சையில் ஆக்லூஷன் (இடுக்குகளில் வெளிச்சம் எவ்வளவு மறையும் என்பது, வெள்ளை என்றால் மறைப்பே இல்லை, கருப்பு என்றால் முழு மறைப்பு), நீலத்தில் டீட்டெய்ல் மாஸ்க் (நுண்விவரம் எங்கே தெரியணும் என்பது), ஆல்ஃபாவில் ஸ்மூத்னெஸ் (வழவழப்பு). அன்ரியல் என்ற இன்னொரு எஞ்சின் பக்கம் பெரும்பாலும் சிவப்பில் ஆக்லூஷன், பச்சையில் ரஃப்னெஸ் (சொரசொரப்பு), நீலத்தில் மெட்டாலிக் என்று அடுக்குவார்கள்.

இந்தப் பொட்டலத்துக்குள் கையை விட்டு வரைவதில் இந்தச் சாஃப்ட்வேருக்கு ஈடு நான் பார்த்ததில்லை. 1 தட்டினால் சிவப்பு, 2 தட்டினால் பச்சை. பார்வையும் அந்தச் சேனலுக்கு மாறும், பிரஷ்ஷும் அதில் மட்டும்தான் எழுதும். திரை முழுக்கச் சாம்பல் நிறம். இரண்டு கல்லுக்கு நடுவே பேனாவை அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தால் இடுக்கு மட்டும் கருத்து உள்ளே போகும், பக்கத்துச் சேனலில் இருக்கிற மெட்டாலிக் ஒரு புள்ளிகூட அசையாது. இலவச மென்பொருளான கிரிட்டாவில் லேயர் பண்புகளுக்குள் போய்ச் சேனலை அணைக்கலாம், இன்னொரு இலவச மென்பொருளான கிம்ப்பில் சேனல் பலகையில் தேர்வை எடுத்துவிடலாம். வேலை நடக்கும். ஆனால் ஒரு நாளைக்கு இருநூறு தடவை மாற்றுகிறவனுக்கு ஒரு விசைக்கும் மூணு கிளிக்குக்கும் உள்ள தூரம் தெரியும்.

நாலையும் சேர்த்துப் பார்த்தால் மட்டும் கண்ணராவி. கிணறு ஒன்று செய்துகொண்டிருந்தேன். கல், மண், இரும்பு உருளை. மெட்டாலிக் ஏறக்குறைய பூஜ்யம், ஆக்லூஷன் ஏறக்குறைய வெள்ளை என்பதால் மொத்தமும் பச்சைப் பசேல் என்று இருந்தது. காபியோடு வந்த அம்மா எட்டிப் பார்த்து, "என்னடா, இவ்வளவு பாசி பிடிச்சிருக்கு?" என்றார். கிணறு என்று கண்டுபிடித்ததே பெரிய விஷயம்.

அந்தக் கிணறுதான் வினையே. யூனிட்டிக்குள் போட்டால் வெயில் படும் பக்கம் அழகாக இருக்கிறது. நிழல் பக்கம் மண் தரை மட்டும் கரி அள்ளிப் பூசின மாதிரி திட்டுத்திட்டாக இருக்கிறது. லைட்டைச் சந்தேகப்பட்டேன், வெளிச்சத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைக்கும் பேக்கை மறுபடி ஓட்டினேன், சுற்றுப்புறப் பிரதிபலிப்பைப் பிடிக்கும் ரிஃப்ளெக்ஷன் ப்ரோபை இடம் மாற்றினேன். இரண்டு ராத்திரி போச்சு. மூணாம் நாள் எக்ஸ்போர்ட் ஆகி வந்த பிஎன்ஜி ஃபைலைத் திறந்து பச்சைச் சேனலை மட்டும் பார்த்தால், மண் இருந்த இடத்தில் நான் வரைந்த ஆக்லூஷனே இல்லை. சுத்தக் கருப்பு. ஆக்லூஷன் மறைமுக வெளிச்சத்தைத்தான் அடக்கும், அதனால்தான் நேர் வெயிலில் தப்பித்திருக்கிறது.

காரணம் இதுதான். காய்ந்த மண்ணுக்குப் பளபளப்பே வேண்டாம் என்று ஸ்மூத்னெஸ்ஸைப் பூஜ்யம் வைத்திருந்தேன். அதாவது ஆல்ஃபா பூஜ்யம். எனக்கு அதன் அர்த்தம் சொரசொரப்பு. இந்த மென்பொருளுக்கோ 'இங்கே ஒன்றுமே இல்லை'. இல்லாத இடத்துக்கு எதற்கு நிறம் என்று எக்ஸ்போர்ட் பண்ணும்போது மற்ற மூன்று சேனலையும் அங்கே துடைத்துவிடுகிறது. ஒரு எச்சரிக்கை கிடையாது. பிஎன்ஜி மேல் பழி போடவும் முடியாது. ஆல்ஃபா பூஜ்யமான இடத்திலும் அது நிறத்தை வைத்துக்கொள்ளும். கிம்ப் எக்ஸ்போர்ட்டில் அதற்கென்றே ஒரு டிக் பெட்டி இருக்கிறது. காசு வாங்காதவன் தருகிற டிக் பெட்டியைக் காசு வாங்குகிறவன் தரவில்லை என்பதுதான் எரிகிறது. எழுதிக் கேட்டேன். "இது பிழை அல்ல, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறோம்" என்று பதில் வந்தது.

ஸ்டிக்கர் வரைகிறவனுக்கு அது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். கண்ணுக்குத் தெரியாத நிறத்தைச் சுமந்தால் ஃபைல்தான் வீங்கும். ஆனால் இவர்கள் விளம்பரத்திலேயே 'கேம் கலைஞர்களுக்காக' என்று போட்டிருக்கிறார்களே.

இப்போது நான் செய்வது: எக்ஸ்போர்ட்டுக்கு முன்னால் லெவல்ஸ் என்ற கருவியில் ஆல்ஃபாவின் வெளியீட்டுக் கீழ் எல்லையை 0 என்பதற்குப் பதில் 1 ஆக்குவேன். 255-இல் 1, யார் கண்ணிலும் படாது. முழுப் பூஜ்யத்தை மட்டும்தான் இது துடைக்கிறது, அதனால் 1 போதும். இல்லையென்றால் டிஜிஏ என்ற ஃபைல் வகையில் எக்ஸ்போர்ட் பண்ணுவேன், அதில் இந்த வம்பே இல்லை.

இன்னொன்று, இதற்காக மென்பொருளைத் திட்டாதே: மாஸ்க் மேப்பை எஞ்சினுக்குள் எடுக்கும்போது எஸ்ஆர்ஜிபி (இதைக் கண்ணுக்கான நிறப் படமாக எடுத்துக்கொள் என்ற அமைப்பு) டிக்கை எடுத்துவிடு. இல்லையென்றால் நீ பாதி என்று நினைத்து வைத்த 128, பரப்பின் தோற்றத்தைக் கணக்கிடும் ஷேடருக்கு 0.22 ஆகப் போய்ச் சேரும்.

சரி, வாங்கலாமா? நாலு வருஷமாக வைத்திருக்கிறேன், வேறு எதிலும் கை இப்படி ஓடவில்லை. இருந்தாலும் வாங்காதே. இன்றைக்குக் கேட்டால் அதுதான் பதில். இன்று காலைதான் கிணற்றுக் கயிற்றுக்கு அந்த 1 போட மறந்து அனுப்பிவிட்டேன், கயிறு நிழலில் கருப்புப் பாம்பாகத் தொங்குகிறது, கிளையன்ட் படம் பிடித்துச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார். ஆஃபர் ஞாயிறு வரைக்கும் இருக்காமே, சனிக்கிழமை வாக்கில் இன்னொரு தடவை கேட்டுப் பார்.