வாணவேடிக்கைக்கு ஒயர் ரிமோட்: பட்டன் அருமை, பின் படுத்தல்

விலை இறங்கியிருக்கிறதே, தீபாவளி வாணத்தைப் படமெடுக்க, கேமராவைத் தொடாமலே ஷட்டரை இயக்கும் இந்த ஒயர் ரிமோட்டை வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். கேமராவில் செருக 2.5 மி.மீ. பின், அமுக்கியபடியே பூட்டிவைக்கும் பட்டன், பேட்டரி தேவையில்லை. சாமான் அவ்வளவுதான்.

பட்டனில் குறையே இல்லை. வாணத்தை எடுக்கும்போது ஷட்டர் நேரத்தை முன்கூட்டியே குறித்துவைத்துப் பயனில்லை. பட்டனை அமுக்கியிருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும் பல்ப் மோடில் வைத்து, ராக்கெட் சீறிக் கிளம்பும்போது அமுக்கி, கடைசிப் பொறி அணைந்ததும் விட வேண்டும். மூன்று நொடியும் ஆகலாம், ஆறும் ஆகலாம். பொறிக்கோடு எவ்வளவு பளிச்சென்று விழும் என்பது அப்பர்ச்சர் (லென்ஸ் துவாரம், எஃப் எண் கூடினால் சிறுக்கும்), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) கையில் இருக்கிறது. நேரத்தை நீட்டினால் கூடுதல் வாணங்கள் சேரும், வானமும் வெளிறும். ஐஎஸ்ஓ 100, எஃப்/11 என்று தொடங்குங்கள். கண்ணைப் பறிக்கும் வெள்ளைக்கு எஃப்/16. தாமிர உப்பில் வரும் நீலம் மங்கல், அதற்கு எஃப்/8. ஃபோகஸ் மேனுவலில். நீண்ட நேரப் படத்தில் விழும் புள்ளிகளை நீக்கும் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஐந்து நொடிப் படத்துக்குப் பிறகு கேமரா இன்னொரு ஐந்து நொடி முடங்கிக் கிடக்கும். இந்தப் பட்டனில் ஃபோகஸுக்கான அரை அழுத்தமும் ஷட்டருக்கான முழு அழுத்தமும் விரலுக்குத் தனித்தனியாகத் தெரிகின்றன. இருட்டில் குனிந்து பார்க்கவே வேண்டாம்.

இனி பின். அதன் கழுத்தில் பெயருக்குத்தான் ரப்பர். தொங்கும் ரிமோட்டின் எடை முழுக்க அங்கேதான் இழுக்கிறது. காற்றில் ஆட ஆட உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். வெளியே ஒன்றும் தெரியாது. பல்ப் மோடில் தொடர்பு விட்டுப்போன கணமே ஷட்டர் மூடிக்கொள்ளும். பாதி விரிந்த பூ, இதழ் நுனியே இல்லாமல் நிற்கும். தமிழ்நாட்டில் இரவில் வெடிக்க அனுமதிப்பது 7 முதல் 8 மணி வரைதான். ஐப்பசி ஈரக்காற்றில் புகை கலையாது என்பதால், காற்றை முதுகில் வாங்கி நின்றாலும் தொடக்கத்தில் கிடைக்கும் சில நிமிடங்களே தெளிவு. அப்போதா மக்கர் செய்வது!

சரிசெய்யலாம். கழுத்தை ஒட்டி வெட்டிவிட்டு, புது 2.5 மி.மீ. ஸ்டீரியோ பின்னை சால்டர் செய்ய வேண்டும். கேனான் கேமராக்களின் இ3 வகை இணைப்பில் பின்னின் நுனி ஷட்டர், நடு வளையம் ஃபோகஸ், அடிப்பகுதி கிரவுண்ட். ஒயர் நிறத்தை நம்பாதீர்கள். மல்டிமீட்டரை வைத்து, எந்த இரண்டு ஒயர் அரை அழுத்தத்தில் சேர்கின்றன, முழு அழுத்தத்தில் எது கூடச் சேர்கிறது என்று பாருங்கள். நுனியும் வளையமும் மாறினால் அரை அழுத்தத்திலேயே ஷட்டர் திறந்துவிடும். அயர்னை அதிக நேரம் வைத்தால் பின்னுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் இளகி, முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். மேலே ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் (சூட்டில் சுருங்கி இறுகும் உறை) இரண்டு அடுக்கு, ஒயர் மீதும் மூன்று செ.மீ. ஏறும்படி. கேபிளைக் கொஞ்சம் தளர்வாக விட்டு ட்ரைபாட் காலில் வெல்க்ரோவால் கட்டினால் பின்மேல் பாரம் விழாது.

இப்படி மாற்றிய பின் என் கேபிளில் ஒருமுறைகூடத் தொடர்பு விடவில்லை. ஆனாலும் மதிப்பெண் 5க்கு 2. இவ்வளவு நல்ல பட்டனைச் செய்யத் தெரிந்தவர்கள் துளி ரப்பரில் மிச்சம் பிடித்ததை மன்னிக்க மனம் வரவில்லை. சால்டரிங் தெரியாதவர் வாங்க வேண்டாம். வாங்கியே தீருவேன் என்பவர் பையில் இன்னொரு கேபிளும் வைத்துக்கொள்ளட்டும்.