68,000 ரூபாய் பாக்கி: தனியாக டிசைன் வேலை எடுப்பவர்கள் கவனத்துக்கு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி, எனக்குத் தரவேண்டிய 68,000 ரூபாயைத் தர முடியாது என்று இன்று காலை கைவிரித்துவிட்டது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொன்னதால் போடவில்லை. எக்ஸ்போர்ட் செய்துகொண்டிருந்துவிட்டு, புதிதாக உள்ளூர் மார்க்கெட்டுக்கு உள்ளாடை பிராண்டு இறக்கியவர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

நான் ஈரோட்டில் வீட்டிலிருந்தே டிசைன் செய்பவள். லோகோ, பாக்ஸ், டேக், வாஷ் கேர் லேபிள், கேட்லாக் எல்லாம் சேர்த்து 80,000 பேசினோம். 12,000 அட்வான்ஸ். மீதி 68,000 ஃபைல் கொடுத்த அன்றே தருவதாகப் பேச்சு.

முதல் சந்திப்புக்கே இரண்டு பக்க ஒப்பந்தம் எடுத்துப் போயிருந்தேன். எத்தனை கரெக்‌ஷன், பணம் எப்போது, முழுப் பணமும் வந்த பிறகே டிசைன் உரிமை அவர்களுக்கு என்று எல்லாம் அதில் இருந்தது. முதலாளிக்கு என் அப்பா வயது இருக்கும். காகிதத்தை வாங்கினார், படிக்காமலே துணி சாம்பிளுக்கு அடியில் செருகினார். "அம்மிணி, நீ நம்ம ஊட்டுப் புள்ளையாட்ட. நமக்குள்ள எதுக்குக் காயிதம்? வேலையப் பாரு சாமி, பணம் எங்க போயிரப் போவுது" என்றார். காபி வந்தது. கிளம்பும்போது அவர் தோட்டத்துத் தேங்காயை என் பையில் போட்டுவிட்டார். அவ்வளவு பாசமாகப் பேசுகிற பெரியவரிடம் போய், கையெழுத்துப் போட்டே ஆகணும் என்று யாரால் அடம்பிடிக்க முடியும்? அது தெரிந்துதான் இப்படிச் செய்கிறார்கள்.

தீபாவளி சரக்கு. சிவகாசியில் பாக்ஸ் அடிக்கணும், 80, 85, 90 என்று சைஸை மட்டும் நாங்களே மாத்திக்கிறோம் என்று அவசரப்படுத்தி, ராத்திரியில் கோரல் ஓப்பன் ஃபைலை, அதாவது யார் வேண்டுமானாலும் திறந்து மாற்றக்கூடிய மூல ஃபைலை, வாங்கிக்கொண்டார்கள். அதோடு முதலாளி என் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

கணக்குப்பிள்ளைதான் பேசுவார். "ஐயா வெளியூர் போயிருக்காருங்க." அடுத்து, "ஷிப்மென்ட் பணம் வரலீங்க." அப்புறம், "இந்த வாரம் சம்பள வாரமுங்க மேடம், நீங்க வெளியாளுதானுங்களே, கொஞ்சம் பொறுங்க." கடைசியில் டிசைனே ஐயாவுக்குப் பிடிக்கவில்லை என்றார்கள். பிடிக்காத டிசைன் திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு மொத்தக்கடையில் அடுக்கி வைத்திருந்தது! பாக்ஸைக் கையில் எடுத்துப் பார்த்தேன். லோகோவின் கடைசி எழுத்துக்குக் கீழே நான் இழுத்த பருத்தி இலை வளைவு அப்படியே இருக்கிறது. பக்கத்திலேயே குழந்தைகள் செட். அதை நான் செய்யவே இல்லை. என் ஃபைலில் நிறத்தையும் படத்தையும் மாற்றி அடித்திருக்கிறார்கள்.

இன்று நேரில் போய்க் கேட்டதற்கு மேனேஜர் சொன்ன பதிலைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. "நீங்க எங்க ஸ்டாஃப் மாதிரிதானே மேடம், டிசைன் கம்பெனிக்குத்தான் சொந்தம்." பணம் கேட்டால் வெளியாள், உரிமை கேட்டால் ஸ்டாஃப்! ஸ்டாஃப் என்றால் என் பிஎஃப் எங்கே, இஎஸ்ஐ எங்கே? தொழிலாளர் அலுவலகத்தில் ஏற்கெனவே கேட்டாயிற்று. நீங்கள் ஊழியரே இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். போலீஸில் சிவில் மேட்டர் என்றார்கள். நடுவில் என் 68,000 ரூபாய் அந்தரத்தில் நிற்கிறது.

மதியம் வக்கீலைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாக வரைந்ததுதான் முதலாளிக்குப் போகும். என்னைப் போல வெளியிலிருந்து செய்பவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் உரிமை கைமாறும். நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அடுத்து அவர் கேட்டது, உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில் செய்பவர்களுக்கான அரசுப் பதிவு, இருக்கிறதா என்று. பேங்க் லோனுக்காக முன்பே எடுத்து வைத்திருந்தேன். 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டத்தில், எழுத்தில் கெடு இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தரவேண்டும். எழுதியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதமான பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. பாக்கி வசூலுக்கான கவுன்சில் கோவையிலேயே இருக்கிறது. நோட்டீஸ் நாளைக்குத் தபாலில் போகிறது.

விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. அவசரமாக நாலு விஷயம். உத்யம் பதிவை இன்றைக்கே போடுங்கள், ஆன்லைனில் இலவசம். வேலை முடிந்த பிறகு பதிந்தால் பழைய பாக்கிக்கு உதவாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பணம் முழுதாக வரும்வரை ஓப்பன் ஃபைல் கொடுக்காதீர்கள்; அச்சுக்குப் பிளேட் போட, எழுத்தைக் கர்வ்ஸ் ஆக்கிய (எழுத்தாகத் திருத்த முடியாதபடி வெறும் கோட்டு வடிவமாக்கிய) பிடிஎஃப் போதும். வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள், வழக்குப் போட மூன்று வருடம் அவகாசம் உண்டு. டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வருமானவரி) பிடித்தாச்சு என்று சொன்னால் வருமானவரித் தளத்தில், உங்கள் பேரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பாருங்கள். என் அட்வான்ஸில் பிடித்ததாகச் சொன்னார்கள், அங்கே ஒரு ரூபாய்கூட ஏறவில்லை.