ஆபீஸ் பிபிஎக்ஸில் எந்த டோன்: இந்தியாவா, அமெரிக்காவா?

புதிதாக ஐபி பிபிஎக்ஸ் (ஆபீஸ் போன்களை இணையம் வழி இணைக்கும் பெட்டி) மாட்டுபவர்கள், டோனுக்கான நாடு தேர்வு செய்யும் இடத்தில் தயங்குகிறார்கள். பிபிஎக்ஸ் மென்பொருளான ஆஸ்டெரிஸ்க் அமெரிக்க டோனோடுதான் வருகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

டயல் டோன்
இந்தியா: 400 ஹெர்ட்ஸ் ஒலி, அதன் சத்தம் நொடிக்கு 25 முறை ஏறி இறங்கும். பழைய லேண்ட்லைன் உறுமல்.
அமெரிக்கா: 350, 440 இரண்டும் கலந்த சீரான ரீங்காரம்.

ரிங் போகும் சத்தம்
இந்தியா: 0.4 நொடி ஒலி, 0.2 இடைவெளி, மறுபடி 0.4, அப்புறம் 2 நொடி அமைதி.
அமெரிக்கா: 2 நொடி ஒலி, 4 நொடி அமைதி. அந்த நான்கு நொடிக்குள் லைன் கட்டாகிவிட்டது என்று நம் ஆட்கள் வைத்துவிடுவார்கள்.

பிஸி டோன்
இந்தியா: 400 ஹெர்ட்ஸ், முக்கால் நொடி ஒலி, முக்கால் நொடி அமைதி.
அமெரிக்கா: 480, 620 கலந்து அரை நொடிக்கு அரை நொடி.

செலவு இரண்டுக்குமே இல்லை.

காதுக்கு எதுவும் பழகிவிடும். சிக்கல் பிஸி டோனில்தான். செம்புக் கம்பி லேண்ட்லைன் இணைத்திருந்தால், எதிர்முனை வைத்துவிட்டதைப் பல பிபிஎக்ஸ் பெட்டிகள் இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கின்றன. அரை நொடித் தாளத்துக்குக் காத்திருக்கும் பெட்டிக்கு முக்கால் நொடி பிடிபடாது. பேசி முடித்த பிறகும் லைன் விடுபடாமல் கிடக்கும். அங்கே இந்தியாதான், யோசிக்கவே வேண்டாம். சில பெட்டிகளில் பிஸி அளவை 750, 750 (மில்லிநொடி; ஒலி, அமைதி) என்று தனியாகவும் தட்ட வேண்டும்.

எல்லாமே எஸ்ஐபி டிரங்க் (இணையம் வழி வரும் போன் லைன்), பேசுவதும் அமெரிக்க வாடிக்கையாளர்களோடு என்றால், சரி, இருப்பதே இருக்கட்டும்.