விளையாட்டா, வட்டப் பேச்சா, சீட்டா? தன்னார்வக் குழுத் தலைவர்களுக்கான பயிற்சி முறைகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

குமரி மாவட்டத்தில் குழுக்களுக்குப் பஞ்சமே இல்லை. அன்பியம் (கத்தோலிக்கப் பங்குகளில் பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு), மகளிர் சுய உதவிக் குழு, நூலக வாசகர் வட்டம், இளைஞர் மன்றம், நாட்டு நலப்பணித் திட்டம், திருவிழாக் கமிட்டி, புயல் வெள்ளக் காலத்துக்கென்று பெயர் கொடுத்து வைத்திருக்கும் ஊர்த் தன்னார்வலர்கள் என்று வரிசை நீளும். ஒரே ஆள் மூன்று குழுவில் இருப்பார், இரண்டில் தலைவராகவும் இருப்பார். சம்பளம் கிடையாது. அவரைப் பயிற்சிக்கு ஒரு நாள் வாருங்கள் என்று கூப்பிட்டால், அவர் விட்டுவிட்டு வருவது ஒரு நாள் கூலியை, இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமையை. கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் நாளும் அதுதான்.

அந்த ஒரு நாளை எதில் செலவழிப்பது? குழுப்பணிப் பயிற்சி என்ற பெயரில் இங்கே நடப்பவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். மைதானத்திலோ ஹாலிலோ விளையாட்டு வைப்பது ஒன்று. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவது இன்னொன்று. முதலில் சீட்டில் எழுதியோ தரையில் வரைந்தோ வைத்துவிட்டு அப்புறம் பேசுவது மூன்றாவது. ஒருவர் மைக்கைப் பிடித்து இரண்டு மணி நேரம் தலைமைப் பண்புகளைப் பற்றிப் பொழிவதும் ஏராளமாக நடக்கிறது. அதில் குழுவுக்குக் கைதட்டுவதைத் தவிர வேலை இல்லை என்பதால் போட்டியில் சேர்க்கவில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரம் குறைவென்றால் விளையாட்டை விட்டுவிட்டு, எழுதிப் பேசும் முறையைப் பிடியுங்கள்.

விளையாட்டு

விளையாட்டுகளில் உருப்படியானது என்று நான் நினைப்பது உடைந்த சதுரங்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் குழுத் தொடர்பை ஆராய்ந்த அலெக்ஸ் பவேலாஸின் புதிர் இது. ஆறு அங்குலச் சதுரங்கள் ஐந்தை வெட்டிப் பதினைந்து துண்டாக்கி, ஐந்து கவர்களில் கலந்து போட்டு, ஐந்து பேரிடம் கொடுக்க வேண்டும். பழைய தினசரி காலண்டர் அட்டையே போதும். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரே அளவில் ஒரு சதுரம் வந்தால்தான் ஆட்டம் முடியும். பேசக் கூடாது, சைகை காட்டக் கூடாது, அடுத்தவரிடமிருந்து துண்டை எடுக்கவும் கூடாது. கொடுக்க மட்டும் செய்யலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சில துண்டுகளை வேறு விதமாகச் சேர்த்தாலும் சதுரம் வரும். ஆனால் அப்படிச் சேர்த்தால் மற்றவர்களுக்குச் சதுரமே அமையாது. மேசையைச் சுற்றி நின்று பாருங்கள். ஒருவர் முதல் ஐந்து நிமிடத்திலேயே தன் சதுரத்தை முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். மற்ற நாலு பேரும் அவர் முன்னால் இருக்கும் அந்த முக்கோணத் துண்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவரோ மேலே ஓடும் ஃபேனைப் பார்ப்பார். தான் முடித்ததை உடைத்தால்தான் குழு முடிக்கும் என்று அவருக்கு எப்போது உறைக்கிறது என்பதில்தான் பாடமே இருக்கிறது. ஊர்க் குழுவில் இவரை உடனே அடையாளம் தெரியும். தன் வார்டுக்குத் தெருவிளக்கு வந்ததும் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டவர்.

மற்ற விளையாட்டுகளைப் பற்றி நீட்ட வேண்டாம். ஸ்பகெட்டிக் கோபுரம் இப்போது எல்லா இடத்திலும் பிரபலம். பீட்டர் ஸ்கில்மேன் உருவாக்கியது: 20 ஸ்பகெட்டிக் குச்சி, கொஞ்சம் டேப், கொஞ்சம் நூல், உச்சியில் வைக்க ஒரு மார்ஷ்மெல்லோ, இவற்றை வைத்து 18 நிமிடத்தில் உயரமான கோபுரம் கட்ட வேண்டும். நம் ஊருக்கு ஈர்க்கிலும் தேன்மிட்டாயும் போதும். கை கோத்து முடிச்சு அவிழ்க்கும் விளையாட்டை இங்கே கலப்புக் குழுவில் வைக்காமல் இருப்பதே நல்லது. ஆணும் பெண்ணும் கை கோக்கச் சொன்னதும் பாதிப் பேர் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். மூட்டு வலி உள்ள அக்காமாரும் சேலையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றுவிடுவார்கள். பயிற்சியில் ஒதுங்கியவர் அன்று முழுக்க ஒதுங்கியே இருப்பார். மைதானத்தை நம்பித் திட்டம் போட்டால் மழையும் உண்டு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து நனைக்கிற மாவட்டம் இது. ஜூனிலும் பெய்யும், அக்டோபரிலும் பெய்யும்.

விளையாட்டின் பெரிய குறை இவை எதுவும் இல்லை. ஆட்டம் முடிந்ததும் கைதட்டி, டீ குடித்து, குரூப் போட்டோ எடுத்து முடித்துவிடுகிறோம். டேவிட் கோல்ப் 1984-இல் விளக்கிய அனுபவக் கற்றல் சுழற்சியில் அனுபவம் முதல் படி மட்டும்தான். அதைத் திரும்பிப் பார்ப்பது, அதிலிருந்து ஒரு கருத்துக்கு வருவது, வேறு இடத்தில் செய்து பார்ப்பது என்று இன்னும் மூன்று படி பாக்கி இருக்கிறது. இருபது நிமிட ஆட்டத்துக்கு நாற்பது நிமிடப் பேச்சு இல்லையென்றால் சதுரம் வெறும் அட்டைதான்.

செய்து கற்க விளையாட்டுதான் வேண்டும் என்றும் இல்லை. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹேட்ச் நடத்திய ஊரகச் சீரமைப்பு மையம் தேனீ வளர்ப்பு முதலிய தொழில்களைச் செய்துகாட்டிச் சொல்லிக்கொடுத்தது. ஊர்க் குளத்துப் படித்துறையைச் சுத்தம் செய்யும் ஒரு காலை வேலையை ஒழுங்காகப் பிரித்துக் கொடுத்து, முடிந்ததும் உட்கார்ந்து யார் யாரிடம் என்ன கேட்டோம் என்று பேசினால், அதுவும் குழுப்பணிப் பயிற்சிதான். படித்துறையும் சுத்தமாகிவிடும்.

வட்டமாக உட்கார்ந்து பேசுவது

செலவில்லாதது, யாருக்கும் கூச்சமில்லாதது, நமக்குப் பழகியது. அந்தப் பழக்கம்தான் தொல்லையும். பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த ஊர். தலைப்பைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு அணி பிரிந்து, நடுவரும் தானாகவே நியமனமாகிவிடுவார். பெரும்பாலும் அவர் ஓய்வுபெற்ற ஆசிரியராக இருப்பார். "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஒரு குரல் வந்துவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது.

அலெக்ஸ் ஆஸ்பர்ன் என்ற அமெரிக்க விளம்பரத்துறைக்காரர் 1940-களில் பரப்பிய 'பிரெயின்ஸ்டார்மிங்' இந்த நோய்க்கு மருந்து என்றே நினைத்தார்கள். விமர்சனம் கூடாது, எவ்வளவு யோசனை வந்தாலும் நல்லது, அடுத்தவர் யோசனை மேல் கட்டலாம் என்பவை அதன் விதிகள். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தபோது, தனித்தனியாக உட்கார்ந்து யோசித்தவர்களின் பட்டியல்களைச் சேர்த்தால் கூடி யோசித்த குழுவின் பட்டியலைவிட நீளமாக இருந்தது. காரணத்தை 1987-இல் மைக்கேல் டீலும் வொல்ஃப்காங் ஸ்ட்ரோபேயும் அலசினார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் தங்கள் முறைக்குக் காத்திருக்கிறார்கள், அந்தக் காத்திருப்பே யோசனையைத் தின்றுவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. பதினைந்து பேர் இருக்கும் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் கடைசியாக முறை வருகிற அக்கா "எனக்கும் அதேதான்" என்று சொல்லி உட்கார்வது இதனால்தான்.

வட்டப் பேச்சை விட மனமில்லை என்றால் மீன்தொட்டி முறை இருக்கிறது. நடுவில் ஐந்து நாற்காலி, நாலு பேர் பேச, ஒன்று காலி. சுற்றி இருப்பவர்கள் கேட்க மட்டும் வேண்டும். பேச வேண்டுமென்றால் காலி நாற்காலியில் வந்து உட்கார வேண்டும். உடனே உள்ளிருந்து ஒருவர் எழுந்து வெளியே போக வேண்டும். பெரியவர்களும் இளைஞர்களும் முட்டிக்கொண்டிருக்கும் திருவிழாக் கணக்கு போன்ற விவகாரத்துக்கு இதுதான் பொருத்தம். இளைஞர்கள் முதலில் உள்ளே பேசட்டும், பெரியவர்கள் இருபது நிமிடம் வாயைத் திறக்காமல் கேட்கட்டும். அந்த இருபது நிமிடம் அவர்களுக்கு எவ்வளவு நீளம் என்பது முகத்திலேயே தெரியும்.

மேசை மேசையாக மாறி உட்கார்ந்து பேசும் 'வேர்ல்ட் கஃபே' 1995-இல் கலிபோர்னியாவில் பிறந்தது. ஐம்பது அறுபது பேர் சேர்ந்தால் கலகலப்பாக இருக்கும். பன்னிரண்டு பேருக்கு அது வீண் அலங்காரம். ஒரே விஷயத்தை ஆறு கோணத்தில் பார்க்கச் சொல்லும் எட்வர்டு டி போனோவின் ஆறு தொப்பிகளை முதலில் விளக்கி முடிக்கவே ஒரு மணி நேரம் போய்விடும்.

எழுதிவிட்டுப் பேசுவது

1971-இல் அமெரிக்காவின் ஆண்ட்ரே டெல்பெக்கும் ஆண்ட்ரூ வான் டி வென்னும் வகுத்த முறைதான் இதற்கு அடிப்படை. ஐந்திலிருந்து ஒன்பது பேர், ஒன்றரை மணி நேரம், ஒரு சார்ட், கொஞ்சம் சீட்டு.

முதலில் கேள்வி. பாதி வெற்றி இதில்தான். "ஊருக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டால் ரோடு, விளக்கு, பஸ் என்று மனுவில் எழுதுகிற பட்டியல்தான் வரும். "புயல் எச்சரிக்கை வந்த முதல் ஆறு மணி நேரத்தில் நம் குழு செய்ய வேண்டியவை எவை?" என்று கேட்டுப் பாருங்கள். பத்து நிமிடம் யாரும் பேசாமல் தனித்தனியாக எழுத வேண்டும். பிறகு சுற்றிவந்து ஆளுக்கு ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நடத்துபவர் அதைத் திருத்தாமல், சொன்ன வார்த்தையிலேயே சார்ட்டில் எழுத வேண்டும். அடுத்த சுற்றில் இன்னொன்று. எல்லாம் தீர்ந்த பிறகுதான் விளக்கம் கேட்கலாம். கடைசியில் ஒவ்வொருவரும் முக்கியமென்று நினைக்கும் ஐந்தைத் தேர்ந்தெடுத்து, முதலாவதற்கு 5, கடைசிக்கு 1 என்று சீட்டில் மதிப்பெண் போட, கூட்டிப் பார்த்தால் வரிசை கிடைத்துவிடும்.

என்ன லாபம்? "கடலில் இருக்கிற வள்ளங்களின் பெயரும் ஆட்களின் பெயரும் ஒரே நோட்டில் இருக்க வேண்டும்" என்பது போன்ற வரி, பேச்சில் முந்துகிறவர்களிடமிருந்து வராது. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது தூத்தூர் பக்கத்து ஊர்களில் யார் யார் எந்தப் படகில் போனார்கள் என்று சேகரிப்பதே பெரும்பாடாக இருந்தது. அதை வீட்டு வாசலில் நின்று அனுபவித்தவர் கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்குபவராக இருக்கலாம். பத்து நிமிட மௌனத்தில் அவர் சீட்டில் அது வந்துவிடும். மதிப்பெண் சீட்டில் பெயர் இல்லாததால், ஆசிரியர் சொன்னதற்கு எதிராகப் போடவும் யாருக்கும் பயம் இல்லை.

இதற்கு ஜெர்மன் தம்பி ஒன்றும் உண்டு. 1968-இல் பெர்ன்ட் ரோர்பாக் சொன்ன 6-3-5: ஆறு பேர், ஆளுக்கு மூன்று யோசனை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தாளை அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். அரை மணி நேரத்தில் 108 யோசனை எழுதி முடியும். கல்லூரிப் பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கும். அந்த 108-ஐயும் வடிகட்டப் போகிறவர் யார் என்பதுதான் சங்கடம். முடிவு எடுக்க வேண்டிய குழுவுக்கு இது பொருந்தாது.

படிப்பறிவு அதிகமுள்ள மாவட்டம்தான் என்றாலும், எழுதச் சொன்னால் "கண்ணாடி எடுத்துட்டு வரல" என்று நழுவும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களிடம் பேனாவைத் திணிக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு பிள்ளையை உட்காரவைத்து, சொல்லச் சொல்ல எழுதவைக்கலாம். மதிப்பெண்ணுக்குப் புளியங்கொட்டை இருக்கிறது. ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு சிரட்டை வைத்து, மேலே துணி போட்டு மூடி, ஆளுக்குப் பத்துக் கொட்டை கொடுத்தால் போதும். ஊரக மக்கள் பங்கேற்பு ஆய்வு முறைகளில் விதை போட்டு வரிசைப்படுத்துவது நெடுநாளாக இருக்கும் வழக்கம்.

தரையில் வரைபடம்

அதே பங்கேற்பு முறைகளிலிருந்து வருவதுதான் இதுவும். இங்கிலாந்து ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது. 1980-களின் கடைசியில் இந்தியாவில் மைராடா போன்ற தொண்டு நிறுவனங்கள் இதை ஊர் ஊராகக் கொண்டுபோயின. கோயில் முற்றத்திலோ பள்ளித் திண்ணையிலோ கோலப்பொடியால் ஊரை வரைந்து, எந்த வீட்டில் நடக்க முடியாதவர், எங்கே தண்ணீர் முதலில் ஏறும், எந்தப் பாதை அடைபடும் என்று கல்லும் இலையும் வைத்துக் காட்ட வேண்டும்.

இது எங்கே எழுத்தை ஜெயிக்கிறது என்றால் மாவட்டத்தின் மேற்கே. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் வீடுகள் தெருவாக நெருங்கி இருக்கும், பக்கத்து வீட்டு நிலவரம் பேச்சிலேயே தெரிந்துவிடும். விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஒவ்வொரு வீடும் தென்னைக்கும் ரப்பருக்கும் நடுவே தன் புரையிடத்தில் (வீட்டைச் சுற்றிய தோட்டத்தில்) தனியாக இருக்கும். ஒரே வார்டில் இருக்கிற இரண்டு தலைவர்களுக்கு ஒருவர் பக்கத்து இடவழி இன்னொருவருக்குத் தெரியாது. வரையத் தொடங்கினால்தான் "அந்தத் தோட்டுக்கு (ஓடைக்கு) அப்பால் மூணு வீடு இருக்கே" என்று ஒருவர் குனிந்து கல் வைப்பார். குறை என்னவென்றால், மழை வந்தால் படம் போய்விடும். முடிந்த உடனே சார்ட்டில் பார்த்து வரைந்து வைக்க வேண்டும்.

சரி, எதை எப்போது?

புதிய பொறுப்பாளர்கள் வந்து குழு மறுபடி தொடங்கும்போது, முழு நாளும் கையில் இருந்தால், காலையில் சதுர விளையாட்டும் அதைப் பற்றிய பேச்சும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதிப் பேசுவதும் வைக்கலாம். மாலை இரண்டு மணி நேரம்தான் என்றால் சீட்டும் சார்ட்டும் மட்டும். சண்டை இருந்தால் மீன்தொட்டி. இடம் சம்பந்தப்பட்ட வேலையென்றால் கோலப்பொடி. நடத்துபவர் குழுவின் தலைவராக இல்லாமல் இருந்தால் நல்லது. பக்கத்து ஊர்க் குழுவிலிருந்து ஒருவரை மாற்றிக்கொள்ளலாம், செலவு ஒரு பஸ் டிக்கெட்.

எழுதிப் பேசும் முறை தோற்கிற இடமும் ஒன்று உண்டு. முடிவு மேலே ஏற்கெனவே எடுக்கப்பட்டு, தீர்மான நோட்டில் கையெழுத்து மட்டும் பாக்கி என்றால், அங்கே சீட்டுக் கொடுத்துக் கருத்துக் கேட்காதீர்கள். தன் சீட்டில் முதலிடம் பிடித்தது நோட்டில் இல்லை என்று கண்டவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார், வந்தாலும் எழுதமாட்டார். அப்படிப்பட்ட நாளில் எடுத்த முடிவை நேராக அறிவித்துவிட்டு, அதில் யார் எந்த வேலையைப் பார்ப்பது என்பதை மட்டும் கேளுங்கள்.